வருட இலக்கை மாதாமாதம் பார்ப்பது எப்படி: ஒரு மில் கணக்காளரின் பதில்

வருட இலக்குகளை மாதாமாதம் கணக்குப் பார்க்க எந்த ஆப் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜனவரியில் ஆறு இலக்குகளை எழுதி வைத்தீர்கள்: எட்டு கிலோ எடை குறைப்பது, 24 புத்தகம் படிப்பது, 1,20,000 ரூபாய் சேமிப்பது, வாரம் ஐந்து நாள் நடப்பது, ஆபீசில் தயங்காமல் ஆங்கிலம் பேசுவது, திருநெல்வேலியில் தனியாக இருக்கும் அம்மாவை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது. மாதக் கடைசியில் ஆறுக்கும் சதவீதம் போட்டுச் சராசரி எடுத்தீர்கள். ஜனவரியில் 71, பிப்ரவரியில் 58, மார்ச்சில் 40. ஏப்ரலில் நோட்டைத் திறக்கவில்லை. இப்போது ஜூலை. உங்கள் கேள்வியின் கடைசி வரியில், ‘பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, பார்க்காமல் விட்டால் எல்லாம் கைநழுவிப் போகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். அதைத்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். ஆப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 23 வருடம் காஸ்டிங் பிரிவில், அதாவது செலவுக் கணக்குப் பிரிவில், இருந்தவன். வருட பட்ஜெட் போடுவதும், ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் நடந்த கணக்கை அதன் பக்கத்தில் வைத்து ரிப்போர்ட் கொடுப்பதும்தான் வேலை. அதே முறையை 2009 முதல் என் சொந்தக் காரியங்களுக்கும் ஒரு நோட்டில் செய்து வருகிறேன். நான் மனநல ஆலோசகரோ டயட்டீஷியனோ இல்லை. எடை விஷயத்தில் நான் சொல்வது எண்களை எப்படிப் பார்ப்பது என்பதோடு நின்றுவிடும். என்ன சாப்பிடுவது, தைராய்டு இருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

முதலில் அந்தச் சராசரியை நிறுத்திவிடுங்கள். மில்லில் யுடிலைசேஷன் என்று ஒரு எண் உண்டு. ஓட வேண்டிய ஸ்பிண்டில்களில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்களில்) எவ்வளவு ஓடியது என்பது. ரியலைசேஷன் என்று இன்னொன்று. போட்ட பஞ்சில் எத்தனை சதவீதம் நூலாக வந்தது என்பது. யு.கே.ஜி. என்று மூன்றாவது, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆனது என்பது. இந்த மூன்றையும் கலந்து ‘இந்த மாதம் மில்லுக்கு 78 மார்க்’ என்று எந்த மேனேஜரும் சொல்ல மாட்டார். சொன்னால், கரண்ட் செலவு எகிறியதை நல்ல ரியலைசேஷன் மூடி மறைத்துவிடும். உங்கள் மார்ச் கணக்கிலும் அதேதான் நடந்திருக்கிறது, தலைகீழாக. நீங்கள் கொடுத்த விவரப்படி மார்ச்சில் 21 நாள் நடந்திருக்கிறீர்கள், 10,000 ரூபாயும் போட்டிருக்கிறீர்கள். படிப்பும் ஆங்கிலமும் ஊர்ப் பயணமும் நடக்காததால் அந்த இரண்டு நல்ல செய்தியும் 40 என்ற எண்ணுக்கு அடியில் புதைந்து போயின. உங்களை நோட்டை மூட வைத்தது அந்த எண்தான். ஆறு இலக்குக்கும் ஆறு வரி இருக்கட்டும். கூட்டல் வேண்டாம்.

அடுத்தது, வருடத்தை 12-ஆல் வகுக்கும் பழக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த பெரும்பாலான வருடத் திட்டங்கள் இங்கேதான் உடைகின்றன. எங்கள் மில்லுக்கு உடுமலைப் பக்கம் காற்றாலைகள் இருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வரும் காலத்தில்தான் அவை நன்றாக ஓடும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்தில் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களில் வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருட யூனிட்டை 12-ஆல் வகுத்து மாத பட்ஜெட் போட்டேன். ஜனவரி, பிப்ரவரி ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு மை. பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘ஆடிக் காத்தத் தை மாசத்துல தேடாதீங்க தம்பி’ என்றார். பஞ்சு வாங்குவதும் அப்படித்தான். பருத்தி ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கும். வரத்து அதிகமாக இருக்கும் குளிர்கால மாதங்களில்தான் மில்கள் ஸ்டாக் பிடிக்கும். மாதாமாதம் ஒரே அளவு வாங்குவதாக யாரும் பட்ஜெட் போட மாட்டார்கள்.

உங்கள் வருடத்துக்கும் ஒரு காற்றுக் காலம், ஒரு வறண்ட காலம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றீர்கள். அப்படியானால் மே, ஜூன் மாதங்களில் ஃபீஸும் புத்தகமும் யூனிஃபார்மும் சம்பளத்தைத் தின்றுவிடும். தீபாவளிக்கு போனஸ் வரும். எனவே 1,20,000-ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள்: மே மாதம் 5,000, ஜூனில் பூஜ்யம், போனஸ் வரும் மாதம் 25,000, மீதி ஒன்பது மாதமும் தலா 10,000. கூட்டினால் அதே 1,20,000. ஜூன் முடிவில் உங்கள் கணக்கில் 42,000 இருப்பதாகச் சொல்கிறீர்கள். 12-ஆல் வகுத்த கணக்குப்படி 60,000 இருக்க வேண்டும், ஆகவே 70 சதவீதம், தோற்றுவிட்டதுபோலத் தெரியும். உங்கள் வருடத்தின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் 45,000 இருந்தால் போதும். 42,000 என்பது 93 சதவீதம். பணம் அதே பணம்தான். நீங்கள் மூன்று மாதமாகக் குற்ற உணர்வோடு சுமந்துகொண்டிருந்த பாக்கி வெறும் 3,000 ரூபாய். இதைக் கணக்கிட்டபோது எனக்கே மனசுக்கு நிறைவாக இருந்தது.

புத்தகத்துக்கும் இதையே செய்யுங்கள். பிள்ளைகளின் பரீட்சை மாதத்தில் ஒன்று, லீவு மாதத்தில் நான்கு என்று போடலாம். நடைக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாரம் மூன்று நாள் போதும் என்று இப்போதே எழுதிவிடுங்கள். நீங்கள் இருப்பது சென்னையில். நவம்பரில் ஐந்து நாள் என்று எழுதி வைத்தால் அது மழையோடு போடும் சண்டைதான்.

அப்புறம், செய்ததையும் கிடைத்ததையும் தனித்தனியாக எழுத வேண்டும். நடப்பது நீங்கள் செய்வது. எடை குறைவது அதனால், இன்னும் பலவற்றாலும், கிடைப்பது. மாதம் ஒருநாள் மெஷினில் ஏறி நின்று அதை மாதத்தின் தீர்ப்பாக எழுதுவது சரியான அளவீடு இல்லை. உடம்பில் தண்ணீரும் உப்பும் ஏறி இறங்குவதால் ஒரே வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடிக் குறையலாம். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் கூடும். நீங்கள் மாதக் கடைசி நாளில் மட்டும் பார்க்கிறீர்கள். அது ஒரு மாதம் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலும், அடுத்த மாதம் பிந்தைய வாரத்திலும் விழுந்தால், ஒப்பிடவே முடியாத இரண்டு எண்களை ஒப்பிடுகிறீர்கள். காலையில், சாப்பிடும் முன், ஏழெட்டு நாள் எடுத்து அதன் சராசரியை எழுதுங்கள். (ஒரே இலக்கின் பல அளவுகளுக்குச் சராசரி எடுக்கலாம். ஆறு வேறு இலக்குகளைக் கலப்பதைத்தான் வேண்டாம் என்றேன்.) பக்கத்தில் அந்த மாதம் எத்தனை நாள் நடந்தீர்கள் என்று எழுதுங்கள். நடந்த நாள் சரியாக இருந்தும் மூன்று மாதமாக எடை அசையவில்லை என்றால், திட்டத்தில் வேறு எதையோ மாற்ற வேண்டும் என்று அர்த்தம், டாக்டரையும் பார்க்கலாம். நடந்த நாளே குறைவு என்றால் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஒரே சதவீதத்துக்குள் போட்டால் எது என்று தெரியாது.

இனி மாத ரிப்போர்ட்டில் நான் மிக முக்கியமாகக் கருதும் இடம்: காரணம் எழுதும் கட்டம். திட்டமிட்டது, நடந்தது, வித்தியாசம் ஆகிய மூன்றையும் இன்று கம்ப்யூட்டர் போட்டுவிடும். ஏன் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். மில்லில் அந்தக் கட்டத்தில் ‘ஆள் பற்றாக்குறை’ என்று வந்தால் முதல் மாதம் ஏற்றுக்கொள்வோம். இரண்டாவது மாதம் கேள்வி கேட்போம். மூன்றாவது மாதமும் அதே வார்த்தை வந்தால், அதைக் காரணம் என்று எழுத விடமாட்டோம். அது அந்த டிபார்ட்மென்ட்டின் நிலைமை என்று எடுத்துக்கொண்டு, அந்த நிலைமையிலேயே எவ்வளவு முடியும் என்று திட்டத்தை மாற்றிப் போடுவோம்.

உங்கள் நோட்டில் அம்மாவைப் பார்க்கப் போகாத மூன்று மாதத்துக்கும் ‘டிக்கெட் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். மூன்று முறை வந்துவிட்டது. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வெள்ளி இரவுக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது என்பது இனி உங்களுக்குச் செய்தி இல்லை. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. ஆகவே மாதக் கணக்கு பார்க்க உட்காரும் அந்த நேரத்திலேயே, ஆகஸ்ட் தொடக்கத்தில் உட்கார்ந்தால் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு, போக வர இரண்டு டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். அம்மாவைப் பார்ப்பதற்குச் சதவீதம் போடவும் வேண்டாம். போன தேதியை மட்டும் எழுதினால் போதும். ஆறு இலக்கில் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் மற்ற ஐந்தையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியும்.

எண் வைத்தாலே வரும் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றி எழுதும்போது சொன்ன கருத்து, பிறகு பொதுவான விதியாகவே பேசப்படுகிறது: ஓர் அளவை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும். மில்லில் இதைத் தினமும் பார்க்கலாம். உற்பத்தியைக் கிலோவில் மட்டும் கேட்டால், தடித்த நூலான தாழ்ந்த கவுண்ட்டை (கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்று காட்டும் நம்பர்) ஓட்டினால் கிலோ ஏறிவிடும். நைஸ் நூல் ஓட்டியவர் பின்தங்கியவராகத் தெரிவார். அதனால்தான் எல்லா கவுண்ட்டையும் 40ஆம் நம்பர் நூலுக்குச் சமமாக மாற்றி ஒப்பிடும் வழக்கம் வந்தது. 24 புத்தகம் என்ற உங்கள் இலக்கும் கிலோக் கணக்குதான். டிசம்பர் நெருங்கும்போது கை தானாகவே மெல்லிய புத்தகத்தைத் தேடும். எழுநூறு பக்க நாவல் ஒன்றைப் பாதியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதைத் தொடர முடியாமல் செய்தது இந்த எண்ணாகவும் இருக்கலாம். புத்தக எண்ணிக்கைக்குப் பதில் ‘இரவு அரைமணி படித்த நாட்கள்’ என்று வைத்துக்கொண்டால் நாவலும் கணக்கில் வரும். ‘தயங்காமல் ஆங்கிலம்’ என்பதை எண்ணவே முடியாது. ‘இந்த வாரம் ஒரு மீட்டிங்கிலாவது யாரும் கேட்காமல் நானாகப் பேசினேனா’ என்பதை ஆம், இல்லை என்று எழுதிவிடலாம்.

விட்டுப்போன மாதத்தின் பாக்கியை அடுத்த மாதத்தின் தலையில் ஏற்றாதீர்கள். அரசாங்க பட்ஜெட்டிலேயே முதலில் போட்ட மதிப்பீடு ஒரு பத்தி, திருத்திய மதிப்பீடு இன்னொரு பத்தி என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழையதை அழிக்க மாட்டார்கள், புதியதை மறைக்கவும் மாட்டார்கள். உங்களுக்கு இது ஜூலை. திருத்திய மதிப்பீடு போடச் சரியான நேரம். எட்டு கிலோவில் இரண்டரை குறைந்திருக்கிறது. மீதி ஐந்தரையை ஆறு மாதத்தில் விரட்டுவதா, வருட முடிவுக்கு ஐந்து போதும் என்று மாற்றுவதா என்று நீங்கள் முடிவெடுங்கள். எட்டு என்பதை அடிக்காமல் பக்கத்தில் ஐந்து என்று எழுதுங்கள். ஏதாவது ஓர் இலக்கை இந்த வருடம் விட்டுவிடுவதாக இருந்தால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். நான் 2014-இல் அப்படி ஒன்றை விட்டேன், சி.எம்.ஏ. என்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சையின் கடைசி குரூப் எழுதுவதாக இருந்தேன், அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். ‘இந்த வருடம் இல்லை, அப்பாவுக்காக’ என்று மே மாதப் பக்கத்தில் எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் தோல்வியைப் பார்ப்பதுபோல இருப்பதில்லை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். பரவலாகச் சொல்லப்படுவதில் பாதியைத்தான் நம்பலாம். நம்பக்கூடியது: முன்னேற்றத்தைக் கவனித்துப் பதிவு செய்வது இலக்கை அடைய உதவுகிறது. பெஞ்சமின் ஹார்கினும் சக ஆய்வாளர்களும் 138 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 20,000 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியிட்ட அலசல் இதைக் காட்டுகிறது. மனதுக்குள் நினைத்துக்கொள்வதைவிட எழுதி வைப்பதும், இன்னொருவருக்குத் தெரியப்படுத்துவதும் கூடுதல் பலன் தந்தன. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எடை, உணவு, புகைபிடித்தல் போன்ற உடல்நல இலக்குகளைப் பற்றியவை. ஆங்கிலப் பேச்சுக்கும் அது அப்படியே பொருந்தும் என்பது ஊகம்தான், நியாயமான ஊகம். கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு பழக்கம் படிய 66 நாள் ஆகும் என்பது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் அச்சான ஆய்விலிருந்து வந்த நடுமதிப்பு அது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதே ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நம்பவே கூடாதது: 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் பிற்காலத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகச் சொத்து சேர்த்தார்கள் என்ற கதை. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு ஆதாரமே இல்லை, ஆனாலும் பயிற்சி வகுப்புகளில் இன்னமும் சொல்கிறார்கள்.

இன்னும் தீராத ஒன்றும் இருக்கிறது. இலக்கை மற்றவர்களிடம் சொல்லலாமா? உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட சோதனைகளில், எண்ணத்தைச் சொல்லி அது கவனிக்கப்பட்டவுடன் உழைப்பு குறைந்தது. ஹார்கின் அலசல் பிறருக்குத் தெரிவது நல்லது என்கிறது. இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று செய்யப்போவதை அறிவிப்பது, மற்றது செய்ததை ஒப்பிப்பது. என் மனைவி மாதம் ஒருமுறை என் நோட்டைப் படிப்பாள், நான் அவளுடையதைப் படிப்பேன். 15 வருடத்துக்கு மேலாக நோட்டு நிற்காமல் ஓட அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டு அனுபவம் என்ற அளவில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆப். தினமும் டிக் போடும் ஆப்கள் நடைக்கும் படிப்புக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் ‘தொடர்ந்து 43 நாள்’ என்று காட்டுபவற்றில் ஒருநாள் விட்டால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். உங்களைப் போல ஒரு கெட்ட எண்ணைப் பார்த்து மூன்று மாதம் நோட்டை மூடியவருக்கு அது சரிப்படாது. மாதத்தில் எத்தனை நாள் என்று மட்டும் காட்டும் ஆப்பாகப் பாருங்கள், அல்லது கூகுள் ஷீட்டில் 12 பத்தி, ஆறு வரி போட்டுக்கொள்ளுங்கள். காரணமும் முடிவும் மட்டும் கையால் எழுதப்படட்டும். சேமிப்புக்கு ஆப்பே வேண்டாம். சம்பளம் வந்ததும் 3ஆம் தேதி தானாகப் போகும்படி பேங்க்கில் சொல்லிவிடலாம். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு என்றால் 5ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி.

ஏப்ரல், மே, ஜூன் பக்கங்களை இப்போது உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். நினைவிலிருந்து எழுதும் எண் பொய்யாகத்தான் இருக்கும். பேங்க் பாஸ்புக்கில் இருப்பது, டிக்கெட் தேதிகள், முடித்த ஏழு புத்தகங்களின் பெயர்கள் மட்டும் ஒரு பக்கத்தில் வரட்டும். அடுத்த பக்கத்தில் ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத்துக்கும் திருத்திய எண்களைப் போடுங்கள். மழை மாதம், போனஸ் மாதம் எது என்று பார்த்துப் போடுங்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு காலை, பிள்ளைகள் எழும் முன், அரைமணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ‘அடுத்த மாதம் எதை மாற்றுகிறேன்’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம் என்றால் ‘இப்படியே’ என்று எழுதுங்கள். பிறகு எழுந்திருக்கும் முன் அந்த நெல்லை டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.